குழாயில் காற்று

குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் காற்றாவது வர வேண்டும். புஸ்ஸென்று சீறி, இருமி, துப்பி, கடைசியில் துருவாடையோடு ஒரு வாய் பழுப்புத் தண்ணீர். புறநகர்வாசிகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போவைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், முகம் கழுவப் போன உதயகுமாருக்குத் தண்ணீரும் வரவில்லை, காற்றும் வரவில்லை. குழாய் உள்ளே இழுத்தது.

அவசரமில்லாமல் இழுத்தது. வெகுநேரம் தூங்கி எழுந்தவர்கள் ஜன்னலோரம் நின்று நெஞ்சு நிறைய வாங்குவார்களே, அப்படி ஒரு மூச்சு. குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். தோல் லேசாக உள்ளே குழிந்தது. கையை எடுத்தபோது 'ப்ச்' என்று ஒரு சத்தம் வந்தது, குழந்தைக்கு முத்தம் கொடுத்ததுபோல. பேசின் பக்கம் பாசி வாடையும், வெயிலே படாத ஈர மண்ணின் வாடையும் எழுந்து, பற்பசை வாசனைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன.

தண்ணீர் வரவில்லையா என்று சமையலறையிலிருந்து அகல்யா கேட்டாள்.

"வேக்குவம்," என்றான்.

பிறகு விளக்கினான். டேங்க் காலி. கீழ் வீட்டில் யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள். குழாய்க்குள் மிச்சமிருந்த தண்ணீர் கீழே இறங்குகிறது. அது இறங்கும்போது மேலேயிருக்கும் காற்றை இழுக்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியல். இதற்குப் போய் பயப்படுவார்களா? யாரும் பயப்படவில்லை என்று அகல்யா சொன்னாள். அவள் தண்ணீரைத்தான் கேட்டாள்.

உதயகுமாரின் விளக்கங்கள் தப்பாகவே இருக்காது. அதுதான் அவனோடு இருப்பதில் உள்ள கஷ்டம். போரூர் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் அவனுக்கு வேலை. எங்கோ ஒரு தேசத்தில் எவருடைய கம்ப்யூட்டரோ படுத்துவிட்டால், ஏன் படுத்தது என்று காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 'தெரியவில்லை' என்பது அங்கே செல்லாது. ஆகவே பல வருஷப் பழக்கத்தில், எதைக் காட்டினாலும் காப்பி ஆறுவதற்குள் ஒரு காரணம் சொல்லிவிடுவான். இந்தத் திறமையை அவன் ஆபீஸோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். விடவில்லை. மாமனாரின் முட்டிவலிக்குக் காரணம் சொன்னான். மெட்ரோ தூண் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று அதன் கீழே இளநீர் குடித்தவருக்கு வகுப்பெடுத்தான். ஒருமுறை ஆவடிக்கு வழி கேட்டவரை வானகரத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் கண்ணிலிருந்து மறைந்ததும், "அப்படியும் போகலாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஆனால் அவனை ரொம்பவும் கேலி செய்துவிடக் கூடாது. வீட்டில் யாரும் பயப்படாமல் இருக்க வேண்டுமானால், யாராவது ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவன் நம்பினான். அந்த வேலையை அவனே எடுத்துக்கொண்டிருந்தான். மகள் கவிப்பிரியா ஒன்றாம் வகுப்பு. இருட்டென்றால் அவளுக்கு ஆகாது. ஏதாவது சத்தம் கேட்டால், "அது என்னப்பா?" என்பாள். அவன் சொல்வான், ஃபிரிட்ஜ், பல்லி, பக்கத்து வீட்டு மிக்ஸி. உடனே அவள் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவாள். அந்தப் புரண்டு படுத்தல் இருக்கிறதே, அதற்காக அவன் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கத் தயாராக இருந்தான்.

இனி அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாஷ்பேசின் குழாயை அல்ல. கீழே இருந்ததை.

கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், உதயகுமாருக்கு ஒதுக்கிய மூலையில், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் தரையிலிருந்து முளைத்து நின்றது. அது எதையும் கொண்டு வரவில்லை, எதையும் கொண்டு போகவில்லை. வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது. அந்த இடமெல்லாம் வயலாக இருந்த காலத்தில் அங்கே ஒரு கிணறு. கட்டடம் கட்டியபோது கிணற்றின் வாயை காங்கிரீட் போட்டு மூடினார்கள். கிணற்றுக்குள்ளேயே போர் இறக்கி, மோட்டார் வைத்து, மொட்டை மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். மூடிய கிணறு மூச்சு விடட்டும் என்று ஒரு குழாயையும் நட்டுவைத்தார்கள். இந்தப் பக்கத்தில் கிணற்றை மூடினால் அப்படிச் செய்வது வழக்கம்.

தரைத்தளத்து வீடு டில்லிபாபுவுடையது. அவனுடைய அப்பா அந்த வயலில் கூலி வேலை செய்தவர். கிணற்றடியில் இருந்த தன் குடிசை மனையைக் கட்டடத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு ஒரு வீட்டை வாங்கி, அதில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். டில்லிபாபுவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. வாய் ஓயாதவன். கேட்டுக்குள் பைக் நுழையும்போதே அவன் குரல் மொட்டை மாடிவரை கேட்கும். ஆனால் குழாய்ப் பக்கம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். போனில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, வாயை இறுக மூடிக்கொண்டு பைக்கை நிறுத்தி, பூட்டி, தன் வீட்டு வாசல்படி ஏறிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடர்வான்.

ஏன் இப்படி என்று உதயகுமார் ஒருநாள் வாசலில் வைத்துக் கேட்டான்.

"எங்க நைனா அதாண்ட பேச மாட்டாரு சார். நானும் பேசறதில்ல."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"எனக்கு இன்னா தெரியும்? அவருக்கே தெரியாது. கேட்டா, தெரியாததாலதான்டா வாய மூடிகினு கீறேன்னுவாரு." டில்லிபாபு சிரித்தான். "கோடையில கை வெச்சுப் பாரு. சூடா மூச்சு வரும். எங்க ஊட்டுல அது போதும்."

உதயகுமாருக்குப் போதவில்லை. நிலத்தடி வெப்பநிலை, காற்றழுத்தம், கொசு உற்பத்தி எல்லாவற்றையும் அவன் டில்லிபாபுவுக்கு விளக்கினான். தவிர, புதுக் காரின் பக்கக் கண்ணாடியைக் குழாய் ஏற்கெனவே உரசியிருந்தது. விளக்கத்தில் இது வரவில்லை. ஒரு சனிக்கிழமை குமணன்சாவடிக்குப் போய், குழாய் வாயை மூடுகிற எண்டு கேப்பும் ஒட்டுகிற சொல்யூஷனும் வாங்கி வந்தான். குழாயை முழங்கால் உயரத்துக்கு அறுத்தான். மூடுவதற்கு முன்னால், தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டில்லிபாபுவுக்குப் புரிய வைப்பதற்காக, குனிந்து குழாய் வாயில் உதட்டை வைத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்," என்றான். கீழே எங்கேயோ அந்தக் குரல் இறங்கிப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. எதிரொலி வரவில்லை.

வந்திருக்க வேண்டும். ஒரு நொடி யோசித்தான். ஈரச் சுவர், ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்.

"பாத்தீங்களா? ஒண்ணுமில்ல. குழாயில காத்து," என்று, குனிந்தவாக்கிலேயே, குழாய்க்குள்தான் சொன்னான்.

"வேணாம் அண்ணாத்தே," என்றான் டில்லிபாபு. அவ்வளவுதான் சொன்னான். அவ்வளவு குறைவாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

உதயகுமார் கேப்பை ஒட்டினான்.

வாஷ்பேசின் குழாய் மூச்சு வாங்கியது அதற்கு அடுத்த வாரம். அதற்குப் பிறகு வீட்டில் சத்தங்கள் கூடின. சமையலறைக் குழாயை மூடிய பிறகு சிங்க்குக்கு அடியில் யாரோ தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கினார்கள். ஏர் லாக், குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்றான். சுவருக்குள் போகும் குழாயில், மேலிருந்து கீழாக ஒரு விரல் தட்டிக்கொண்டே இறங்குவதுபோல டொக் டொக்கென்று கேட்டது. மெட்ரோ வேலையின் அதிர்வு என்றான். மெட்ரோக்காரர்கள் இன்று லீவு என்று அகல்யா ஜன்னல் வழியாகக் காட்டினாள். அப்படியானால் வெப்பத்தில் குழாய் விரிகிறது என்றான். பாசி வாடைக்குத் தொட்டி சுத்தம் செய்யாததைக் காரணம் சொன்னான். மொட்டை மாடிக்குப் போய் டேங்கின் மூடியைத் திறந்தும் பார்த்தான். தண்ணீர் கன்னங்கரேலென்று அசையாமல் இருந்தது. குனிந்தபோது தன் முகம் தெரிந்தது. அவன் நிமிர்ந்த பிறகு அது நிமிர்ந்ததுபோல ஒரு எண்ணம். ஒளிச் சிதறல்.

அகல்யா அதிகம் பேசுகிறவள் அல்ல. திருப்பூர்ப் பக்கத்துப் பெண். கணவனின் விளக்கங்களை, ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனைப்போல ஏற்றுக்கொண்டு வாழப் பழகியிருந்தாள். ஒரு நாள் அவன் ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பியைக் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மத்தியானம் பாத்ரூமிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவளும் இதோ வருகிறேன் என்று பதில் சொல்லிவிட்டாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பாதி தூரம் நடந்த பிறகுதான், அவன் ஆபீஸில் இருக்கிறான் என்பது நினைவு வந்தது.

தினமும் கேட்கிற குரலை மூளை தானாகவே உண்டாக்கிக்கொள்ளும், தனியாக இருப்பவர்களுக்கு அடிக்கடி நடக்கும் என்று அவன் விளக்கினான்.

"நீங்க சொல்றது சரியாத்தாங்க இருக்கு," என்றாள் அகல்யா. "எப்பவுமே சரியா இருக்கு. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

மறுநாள் கவிப்பிரியா பல் தேய்த்துக்கொண்டே, வாயெல்லாம் நுரையோடு எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, குழாய்க்குள்ள நீங்க பேசுறீங்க."

பயமில்லாமல்தான் சொன்னாள். அப்பா குரலுக்கு யார் பயப்படுவார்கள்? அவன் அவளைத் தூக்கி பேசின் விளிம்பில் உட்காரவைத்தான். நாம் பேசுவது குழாய் வழியாகப் போய், சுற்றி, திரும்பி வரும், அதுதான் சங்கதி என்றான். செய்தும் காட்டினான். பேசின் ஓட்டையில் வாயை வைத்து, "கவிக்குட்டி சமத்து," என்றான். "அப்பாவுக்கு எல்லாம் தெரியும்," என்றான். அவள் கிளுகிளுவென்று சிரித்தாள். அது அவர்களுக்கு ஒரு விளையாட்டாகிப்போனது. தினமும் பல் தேய்க்கும்போது அவள் ஒரு கேள்வி கேட்பாள், அவன் ஓட்டையில் வாயை வைத்துப் பதில் சொல்வான். வானம் ஏன் நீலம், நாய் ஏன் பஸ்ஸைத் துரத்துகிறது, செத்துப்போனவர்கள் எங்கே போகிறார்கள். நன்றாகவே விளக்கினான். குரலை ஏற்றி இறக்கி, அவள் தோளைத் தட்டும் இடங்களில் தட்டி, சிரிக்கிற இடத்தில் சிரித்து.

ஒரு காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, பேசின் ஓட்டைக்குள்ளிருந்து, அடங்கிய குரலில், யாரோ பாடத்தை மனப்பாடம் செய்வதுபோலக் கேட்டது.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஒண்ணுமில்ல. குழாயில காத்து."

ரேசர் தாடையில் கீறிவிட்டது. அந்த வார்த்தைகளை அவன் வீட்டில் சொன்னதில்லை. கீழே சொன்னான், கேப் ஒட்டிய அன்று. அப்போது பக்கத்தில் இருந்தவன் ஒரே ஒருவன்.

அப்படியா சேதி என்று உதயகுமாருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிற்று. தன் அப்பா வாய்மூடி மதித்த குழாயை அடைத்துவிட்ட கோபம். தரைத்தளத்தில் எந்தக் குழாயில் வாயை வைத்துப் பேசினாலும் மேலே கேட்கும். மிமிக்ரி. மத்தியானத்தில் அகல்யாவைக் கூப்பிட்டது, குழந்தையிடம் பேசியது எல்லாம் இவன்தான். இரண்டு மூன்று நாள் மாடிப்படியில் நின்று டில்லிபாபுவின் கதவை வேவு பார்த்தான். அவன் உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம், முகத்தில் ஒளிந்திருக்கும் சிரிப்பு. சிரிப்பு இல்லாததே பெரிய சந்தேகமாக இருந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் கேட்டில் மடக்கிப் பிடித்துக் கேட்டேவிட்டான்.

டில்லிபாபு ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வாரம் பூராவும் காலை ஷிப்டு, விடிவதற்கு முன்னால் போனால் மாலைதான் வருகிறான், வேண்டுமானால் கம்பெனியில் விசாரித்துக்கொள் என்றான். பிறகு அவன் குரல் இறங்கியது.

"நானே உன்னக் கேக்கணும்னு இருந்தேன் சார். ஞாயித்துக்கெழம நீங்க குடும்பத்தோட காருல போயிட்டீங்க. மத்தியானம் பூரா உங்க ஊட்டுல உன் குரல் கேட்டுகினே இருந்துச்சி. யாருக்கோ பாடம் எடுக்கற மாதிரி. யாரு சார் அது?"

உதயகுமார் வாயைத் திறந்தான். டி.வி.யை அணைக்காமல் போயிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் படியேறினான். அவர்கள் வீட்டு டி.வி. கெட்டுப்போய் ஒரு மாதமாகிறது.

மழை பிடித்துக்கொண்டது. பூந்தமல்லி சாலையில் தண்ணீர் தேங்கி, கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன நாள். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் எங்கேயோ டிரான்ஸ்பார்மர் வெடித்து, தெருவே இருண்டது. அகல்யா மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தாள். கவிப்பிரியாவுக்கு வெளிச்சத்துக்காகப் போனில் டார்ச்சைப் போட்டு, பாத்ரூமில் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, உதயகுமார் எமர்ஜென்சி லைட்டை எடுக்கப் படுக்கையறைக்குப் போனான். மழை ஜன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஈர மண் வாடை. பாசி வாடை. லைட்டைக் கண்டுபிடித்துத் திரும்பும்போது பாத்ரூமிலிருந்து பேச்சுக் குரல் வந்தது.

"இடி ஏன்பா இடிக்குது?"

"மின்னல் காத்தைச் சட்டுனு சூடாக்கும்டா கண்ணு. காத்து பட்டுனு விரியும். அந்தச் சத்தம்தான்."

நிதானமான குரல். கண்ணு என்ற இடத்தில் லேசாகக் கரகரப்பு. அந்த இடத்தில்தான் அவன் வழக்கமாக அவள் தோளைத் தட்டுவான்.

உதயகுமார் கூடத்தில் நின்றான். அவன் வாய் மூடியிருந்தது. அதைக் கையால் தொட்டு உறுதி செய்துகொண்டான்.

ஓடினான். பாத்ரூமில் கவிப்பிரியா தனியாக இருந்தாள். ஸ்டூல் மேல் நின்று, கையில் பிரஷ்ஷோடு, பேசின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு. அவள் தோளில், கவுன் துணி மேல், ஈரமாக ஒரு கையின் அடையாளம் இருந்தது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். மறுபடி ஓட்டையைப் பார்த்தாள்.

"நீங்க இதுக்குள்ளதானே பேசிட்டிருந்தீங்க? அப்ப அது யாருப்பா?"

அவன் தேடினான். எல்லா இடத்திலும் தேடினான். எட்டாம் வகுப்பு அறிவியல், எதிரொலி, மிமிக்ரி, மூளை. ஒன்றும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

"தெரியலடா கண்ணு," என்றான். "அப்பாவுக்குத் தெரியல."

வாழ்க்கையில் முதல் தடவை. அவள் முகம் மாறுவதைப் பார்த்தான். உதடு கோணி, கண் விரிந்து, இருட்டு முதல் முறையாக அவளுக்குள் நுழைவதைப் பார்த்தான். அவளை அணைக்கக் கை நீட்டினான்.

"எனக்குத் தெரியும்," என்றது ஓட்டைக்குள்ளிருந்து அவன் குரல்.

குழந்தையின் முகம் சட்டென்று தெளிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

அவளை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். அகல்யா மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள். அந்தக் குரலை அவளும் கேட்டிருக்கிறாள் என்று அவள் முகமே சொல்லிற்று. கேப்பை எடுத்தால் போதும் என்று அவன் மூச்சிரைக்கச் சொன்னான். மூடியதால்தான் மேலே வந்திருக்கிறது. திறந்தால் வந்த வழியே போய்விடும். வேறெப்படி இருக்க முடியும்? இப்போதும் அவனிடம் ஒரு காரணம் இருந்தது, பாருங்கள். பாத்ரூம் கதவை இழுத்துத் தாழிட்டான்.

"நான் போனதும் வாசக்கதவத் தாழ் போடு. யாரு கூப்பிட்டாலும் தொறக்காத. என் குரல்ல கூப்பிட்டாலும் தொறக்காத. நான் வந்தா ரெண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு தட்டுவேன். அதுக்கு மட்டும் தொற."

அகல்யா தலையாட்டினாள். பாத்ரூம் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் இதையெல்லாம் அவன் சொன்னான்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் கணுக்கால் தண்ணீர். எமர்ஜென்சி லைட்டைக் கார் மேல் வைத்துவிட்டு ஹேக்சா பிளேடால் குழாயை அறுக்கத் தொடங்கினான். சத்தம் கேட்டு டில்லிபாபு கதவைத் திறந்தான். வாயை இறுக மூடிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து, லைட்டை எடுத்து அவன் கைக்கு நேராகப் பிடித்தான். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று உதயகுமார் நினைத்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு. முதலில் இது.

கேப் அறுந்து தண்ணீரில் விழுந்தது.

காத்திருந்தார்கள். மழை மட்டும். உதயகுமார் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தான். சூடு இல்லை. இழுப்பும் இல்லை. வெறும் பிளாஸ்டிக். டில்லிபாபுவும் கையை வைத்துப் பார்த்தான். வைத்த கையை எடுக்காமல், பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான். அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் வாய் திறந்து பேசினான்.

"மூச்சே இல்லியே அண்ணாத்தே. உள்ள யாருமே இல்ல."

உதயகுமார் லைட்டைப் பிடுங்கிக்கொண்டு படிக்கு ஓடினான்.

முதல் மாடி வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே இருப்பவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். அதைத் தாண்டியதும் வாடை முகத்தில் அடித்தது. இரண்டாவது மாடி. படிக்கட்டில் ஈரக் காலடிகள். வெறுங்கால். மேலேயிருந்து வந்திருந்தன, மொட்டை மாடியிலிருந்து. யாரோ துணி எடுக்கப் போய் நனைந்துகொண்டு இறங்கியிருப்பார்கள். மேலே துணி எதுவும் காயவில்லை. முதல் மாடியில் ஆளில்லை. டேங்க் மட்டும்தான் இருக்கிறது மேலே. மோட்டார் போட்டால் கிணற்றிலிருந்து நேராக டேங்க்.

காலையில் மோட்டார் போட்டது அவன்தான்.

தன் காலை ஒரு தடத்தின் மேல் வைத்தான். சரியாகப் பொருந்தியது.

தடங்கள் அவன் வீட்டு வாசலில் முடிந்தன. திரும்பிப் போகவில்லை.

தட்டினான். ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினான். ரெண்டு. ஒன்று. கதவுக்கடியில் மெழுகுவர்த்தி வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. அதில் நிழல்கள் அசைந்தன. கோட்டைத் தாண்டித் தண்ணீர் கசிந்து வந்து அவன் கால்விரல்களைத் தொட்டது. சில்லென்று. பாசி வாடையோடு.

"அகல்யா," என்றான். "நான்தான். தொற."

குரல் அவனுக்கே சரியாகப் படவில்லை. மெலிந்து, உள்ளடங்கி, எங்கேயோ ஆழத்திலிருந்து வருவதுபோல. தொண்டையைச் செருமினான். களகளவென்று தண்ணீர்ச் சத்தம்.

உள்ளே அகல்யா பேசினாள். குரல் நடுங்கியது. "என்னங்க, மறுபடியும் தட்டுது. அப்படியே உங்க குரல்."

"சொன்னேன்ல? என் குரல்லயே கூப்பிடும்னு. தொறக்காத."

நிதானமான குரல். வீட்டில் யாரும் பயப்படக் கூடாது என்று நினைக்கிற ஒருவருடைய குரல்.

அவன் கதவில் மோதினான். தோளால். கையால். கவி என்று கத்தினான். களகளவென்றது. கீழே டில்லிபாபுவின் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள் விழும் சத்தம்.

உள்ளே சின்னக் கால்கள் கதவை நோக்கி வந்தன. நின்றன. அவள் கதவில் காதை வைத்திருக்கிறாள். அவள் மூச்சு கேட்டது. இந்தப் பக்கம் அவன் காதை வைத்தான். நடுவில் விரற்கடை மரம்.

"அப்பா," என்றாள் கவிப்பிரியா, உள்பக்கம் திரும்பி. "வெளிய நீங்க பேசுறீங்க."

"அது ஒண்ணுமில்லடா கண்ணு," என்றது அவன் குரல். அந்த இடத்தில் தோளைத் தட்டும் சத்தமும் கேட்டது. ஈரக் கை. "குழாயில காத்து."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சின்னக் கால்கள் உள்ளே நடந்தன. கட்டில் கிறீச்சிட்டது. போர்வை சரசரத்தது. அவள் புரண்டு படுத்தாள்.

உதயகுமார் மண்டியிட்டு, கதவுக்கடியில் விரல்களை நுழைத்தான். வெளிச்சக் கோடு அணைந்தது. விரல்களைத் தாண்டி, சத்தமில்லாமல், அவசரமில்லாமல், காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.